முகம் பார்க்காமல் கேட்ட நூற்றிருபது கேள்விகள்

ஒப்பிக்கக் கேட்பது பெரிய படிப்பு வேண்டாத வேலை. புத்தகத்தை நேராகப் பிடித்து, விரல் வைத்த வரியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும். எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட நான் ஆறு வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை, சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, மறைக்கல்வித் தேர்வு எழுதப்போகும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் எதிரில் வந்து உட்காருவார்கள். பாடம் நடத்துவது சிஸ்டர். நான் கேள்வியைப் படிப்பேன், பதிலைக் கேட்பேன், நோட்டில் டிக் போடுவேன். அவ்வளவுதான் என் பங்கு.

வீட்டில் பிள்ளைகளுக்கு எதிரே புத்தகத்தோடு உட்கார்ந்த அம்மா, அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் இந்த வேலையின் கஷ்டம் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

லினன் ரூம் பழக்கம்

முப்பத்தொரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி லினன் ரூமில் வேலை பார்த்தேன். வார்டுகளுக்குப் போகும் படுக்கை விரிப்புகளை எண்ணிக் கொடுப்பதும், திரும்பி வருவதை எண்ணி வாங்குவதும் என் வேலை. அடுக்கி வைத்த விரிப்புகளை மடிப்பு ஓரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்தால் அவர் ஏதாவது பேசுவார், எண்ணிக்கை தவறும். அதனால் யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இயல்பிலேயே எனக்குக் கூச்சம் அதிகம். அந்த வேலை அதற்குச் சௌகரியமாக இருந்தது.

சிஸ்டர் என்னை ஒப்பிக்கக் கேட்க அழைத்தபோது அதே பழக்கத்தோடுதான் உட்கார்ந்தேன். மொத்தம் நூற்றிருபது கேள்விகள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பிள்ளைக்கு எட்டு கேள்வி என்று பதினைந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். பதிலில் ஒரு சொல் விட்டுப்போனால் கால் மதிப்பெண் குறைப்பேன். இதைக் கேள்விப்பட்டு ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். ஒன்பதாம் வகுப்பு ரோஹனின் அம்மா. ஐ.சி.யூ.வில் நர்ஸ். என் நோட்டை வாங்கி, கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி பூரா சொட்டு மருந்து எண்ணுறவ நான். நீங்க என்னைவிட மோசம், அண்ணா."

ஒன்பது கட்டளை

அந்த ரோஹன் பத்துக் கட்டளைகளை எப்போது சொன்னாலும் ஒன்பதுதான் வரும். விரல் மடக்கிச் சொல்வான். சுண்டு விரல் ஒன்று மடங்காமல் நிற்கும். "ஏக் மினிட் அங்கிள்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். மறுபடியும் ஒன்பது. மூன்று வாரம் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். மூன்று வாரமும் விட்டுப்போனது ஒரே கட்டளை: தாய் தந்தையை மதிக்கச் சொல்வது. இடையில் ஒருநாள் பத்து என்று கத்தினான். எண்ணிப் பார்த்தால் பத்தாவதாக அவன் சேர்த்தது, பரீட்சை நேரத்தில் மொபைலைத் தொடாதே என்பது. அது அவன் வீட்டுக் கட்டளை.

கூப்பிட வந்த அவன் அம்மாவிடம், இந்த ஒன்று மட்டும் மனதில் நிற்கவில்லை, வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள் என்று நோட்டைக் காட்டினேன். அவர் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணும் விட்டுப் போகலை அண்ணா, இதுதான் வீட்டுலயும் விட்டுப் போகுது" என்றார்.

பூஜ்யம்

இனி ஆன்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு. அப்பா ராணுவத்தில் ஹவில்தார். அம்மாவுக்கு எங்கள் திண்டுக்கல் பக்கம்தான்.

எங்கள் தேர்வில் எழுத்துக்கு எழுபது, வாய்மொழிக்கு முப்பது. எழுத்துத் தேர்வைத் தமிழ், இந்தி, இங்கிலீஷ் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். வாய்மொழி மட்டும் வீட்டு மொழியில். எங்கள் தமிழ் ஃபாதர் ஒவ்வொரு பிள்ளையாக அறைக்குள் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்பார். கேள்விக்கு மூன்று மதிப்பெண். அதில் குறைந்தது பத்து வாங்கினால்தான் அந்த வருஷம் பிஷப் கையால் நெற்றியில் எண்ணெய் பூசும் உறுதிபூசுதல் சடங்கு கிடைக்கும். போன வருஷம் ஆன்ஸி எழுத்தில் அறுபத்தொன்று வாங்கினாள். வாய்மொழியில் பூஜ்யம். என் நோட்டிலோ அவளுக்கு நூற்றிருபதுக்கு நூற்றுப் பதினொன்று. தப்பு என் பக்கமோ என்று நோட்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அறையில் அந்தப் பெண் வாயையே திறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. படிக்கவில்லை போலிருக்கிறது என்று ஃபாதர் நினைத்துவிட்டார்.

அந்தச் சடங்கில் ஞானத்தாயாக அவள் பக்கத்தில் நிற்பதற்குத் திண்டுக்கல்லிலிருந்து டிக்கெட் எடுத்திருந்த அவளுடைய சித்தி அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இந்த வருஷம் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் குடும்பமே கிளம்ப வேண்டும். போகும் இடத்தில் இதற்கு இரண்டு வருஷம் படிக்க வேண்டும், அதையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். ஜனவரியில் அவள் அம்மா கூடத்து வாசலில் நின்று சொன்னார்: "எம் பொண்ணுக்குத் தெரியுமுன்னு உங்க நோட்டு சொல்லுதுண்ணே. அவ வாய் சொல்ல மாட்டேங்குது. நான் எதை நம்ப?"

அறிவிப்புப் பலகை

டெல்லியில் பிறந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. சிஸ்டர் சொல்லும் தமிழ்ப் பதிலை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். இந்த விவரம் தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன்.

ஜனவரியில் இரண்டாவது சுற்று ஆரம்பித்ததும் ரோஹன் திடீரென்று தேறிவிட்டான். மூன்று சனிக்கிழமை, எட்டு எட்டாக இருபத்து நாலு டிக். ஒரு கால் மதிப்பெண்கூடக் குறையவில்லை. பெற்றோரை மதிக்கும் கட்டளையும் தன் இடத்தில் ஒழுங்காக வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆன்ஸியோடு அவள் தோழி வைஷ்ணவி வருவாள். பக்கத்துப் பிளாக் பெண். அப்பா மத்திய அரசு ஆபீஸில் இருக்கிறார், இந்துக் குடும்பம். ஐந்தரை மணி கணக்கு டியூஷனுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பதால் எங்கள் கூடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு காத்திருப்பாள். மூன்றாவது சனிக்கிழமை பொழுது போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்தாள். பூசை நேரம், ரத்ததான முகாம் அறிவிப்புகளுக்கு நடுவே இந்தி எழுத்தில் ஒரு பெரிய தாள். "அங்கிள், இது என்ன மஜாக், விளையாட்டா? இந்தியில எழுதியிருக்கு, படிச்சா தமிழா வருது!" என்று கேட்டாள். நூற்றிருபது கேள்விகளில் அந்த வாரத்து எட்டுக்கும் பதில் அதில் வரிசையாக இருந்தது. நான் புத்தகத்திலிருந்து நிமிர மாட்டேன் என்று கணக்குப் போட்டு, வாரா வாரம் ரோஹன் தாளை மாற்றிக் குத்தியிருக்கிறான். இந்தி அறிவிப்பு என்று நினைத்து நான் மூன்று வாரமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இருபத்து நாலு டிக்கையும் ஸ்கேல் வைத்து அடித்தேன். ரோஹன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தாள் பூரா நானேதான் எழுதினேன் அங்கிள். அதுக்காவது பாதி மார்க் குடுங்களேன், ப்ளீஸ்."

முகத்தைப் பார்க்கச் சொன்ன சிஸ்டர்

விஷயம் சிஸ்டர் காதுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. "இனிமே புத்தகத்தை மடியில வச்சுக்குங்க அண்ணா. பிள்ளைங்க முகத்தைப் பார்த்துக் கேளுங்க" என்றார். சொன்னால் செய்ய வேண்டும். அடுத்த சனிக்கிழமை முதல் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அது லேசாக இல்லை. பதினாலு பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கண்ணாடி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆன்ஸி வந்து உட்கார்ந்தாள். முதல் கேள்வியைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். இரண்டாவது கேள்வி. மூன்றாவது. எட்டாவதும் முடிந்தது. நான் எட்டு இடத்தில் பூஜ்யம் போட்டேன். முதல் சுற்றில் நூற்றிருபதுக்கு நூற்றுப் பதின்மூன்று சொன்ன பெண் அவள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே எட்டு பூஜ்யம். தேர்வுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அவள் எழுந்து போனதும் வைஷ்ணவி என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் தாட்சண்யம் பார்க்கவில்லை: "நீங்க பார்க்காம இருந்தவரைக்கும் அவ நல்லாதானே சொன்னா? மத்லப், அப்படின்னா கெடுத்தது நீங்கதான் அங்கிள்."

எனக்கு வைத்த பரீட்சை

அவள் சொன்னதை ஒரு வாரம் மனதில் போட்டுப் புரட்டினேன். ஆனாலும் முழுக்கப் புரியவில்லை. பதில் தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே, யார் பார்த்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை அன்றைய கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. சிஸ்டர் ஃபோன் பேச வெளியே போயிருந்தார். ரோஹனுக்கு என் மேல் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. "அங்கிள், ஆறு வருஷமா கேக்கறீங்க. இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம்" என்றான். பிள்ளைகள் எல்லாரும் "ஜல்தி அங்கிள், சீக்கிரம்!" என்று மேஜையைத் தட்டினார்கள். மறுத்தால் அழகில்லை. எழுந்து நின்றேன். புத்தகத்தை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே என்று பார்த்து, பக்கத்தில் இருந்த ஆன்ஸியிடம் கொடுத்தேன். தூய ஆவியாரின் ஏழு கொடைகளைச் சொல்லச் சொன்னார்கள். அறுபத்து நாலாவது கேள்வி. பிள்ளைகள் வாயால் குறைந்தது எண்பது தடவை அதைக் கேட்டிருப்பேன்.

ஞானம் என்றேன். மெய்யுணர்வு என்றேன். பதின்மூன்று முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. காது சூடாகிவிட்டது. இறைப்பற்று, இறையச்சம் இரண்டும் வரிசை தப்பி வந்தன. அதோடு நின்றது. புத்தகத்தின் பக்கம் கண்ணுக்குள் தெரிகிறது, வரி தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். ஆன்ஸி ஒருத்திதான் என்னைப் பார்க்கவில்லை. நான் செய்வது போலவே வரியில் விரல் வைத்து, குனிந்தபடி இருந்தாள். அப்படியே குனிந்துகொண்டு, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலு சரி. மூணு விட்டுப் போச்சு" என்றாள். நான் உட்கார்ந்த பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபடி மெதுவாகக் கேட்டாள்: "தெரியும், ஆனா வரலை. இல்ல அங்கிள்?"

மூன்று வாக்கியம்

அன்றே சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, ஆன்ஸிக்கு மட்டும் பழையபடி குனிந்துகொண்டு கேட்கிறேன் என்று அனுமதி வாங்கினேன். கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் எட்டுக்கு எட்டு, எட்டுக்கு ஏழேமுக்கால். ஆனால் தேர்வு நடத்தப்போவது நானில்லையே. "ஃபாதர் எப்படிக் கேட்பார்னு நான் சொல்ல முடியாது அண்ணா. வேணும்னா நீங்களே பேசிப் பாருங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு இதைவிட நூறு விரிப்பை மறுபடி எண்ணச் சொன்னாலும் பரவாயில்லை. ஃபாதரோடு பூசை முடிந்ததும் ஸ்தோத்திரம் சொல்வதைத் தவிர நான் வேறு பேசியதில்லை.

சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக எழுதினேன். இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். "வாங்க, உட்காருங்க" என்று என் முகத்தைப் பார்த்தார். முதல் வாக்கியம் மறந்து போயிற்று. மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு மற்ற இரண்டையும் சொன்னேன்: "ஆன்ஸின்னு ஒரு பொண்ணு, போன வருஷம் பூஜ்யம் வாங்குச்சு. அதுக்கு எல்லாம் தெரியும் ஃபாதர்."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே?"

"முகத்தைப் பார்த்தா வராது. எனக்கும் வராது. இப்பக்கூட ஒரு வாக்கியம் விட்டுப் போச்சு."

ஃபாதர் சிரித்தார். பிறகு யோசித்தார். "சரி. அப்ப நான் எங்கே பார்க்கணும்?"

"புத்தகத்தைப் பாருங்க ஃபாதர்."

"எனக்கு அது மனப்பாடம் ஆச்சே."

"இருந்தாலும் பாருங்க. கையில பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாருங்க."

தப்பாகப் பேசிவிட்டேனோ என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அவர் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "விட்டுப் போன அந்த வாக்கியம் என்ன? இப்ப சொல்லுங்க, நான் பார்க்கலை."

பத்துக் கேள்வி

பிப்ரவரி கடைசி ஞாயிறு. காலையில் எழுத்துத் தேர்வு முடிந்து, பூசைக்குப் பிறகு வாய்மொழி. நாங்கள் அறைக்கு வெளியே வெயிலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாட்சைப் பார்த்தேன், ஆளுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. ரோஹன் வெளியே வந்து பத்து விரலையும் மடக்கிக் காட்டினான். அவனுக்குக் கட்டளைக் கேள்வி வந்திருக்கிறது.

பதினோராவதாக ஆன்ஸி போனாள். அவள் அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றார். அன்று டியூஷன் இல்லாவிட்டாலும் வைஷ்ணவி வந்திருந்தாள். நாலு நிமிஷம் ஆயிற்று. ஐந்து. "சத்தமே கேட்கலையேண்ணே" என்றார் அம்மா. கதவு கனமானது, யார் பேசினாலும் கேட்காது என்று சொன்னேன். ஆனால் அவளுக்கு முன்னால் போன பத்துப் பேரின் குரலும் எனக்கு லேசாகக் கேட்டிருந்தது. ஏழு நிமிஷம் ஆனபோது நோட்டை மூடிவிட்டேன்.

ஒன்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. ஆன்ஸி நேராக என்னிடம் வந்தாள். பழக்கம் விடாமல் நான் நோட்டைத் திறந்து குனிந்துகொண்டேன். "எட்டு சரி. ஒண்ணு பாதி. ஒண்ணு தெரியலை" என்றாள். எட்டு மூன்று இருபத்து நாலு, பாதிக்கு ஒன்றரை, ஆக இருபத்தைந்தரை. பத்து போதும் என்ற இடத்தில் இருபத்தைந்தரை. இரண்டு தடவை கூட்டினேன். அவள் அம்மா அங்கேயே திண்டுக்கல்லுக்கு ஃபோன் போட்டு, "டிக்கெட் எடுடி" என்று அழுதுகொண்டே சொன்னார். நாலு நிமிஷ வேலைக்கு ஒன்பது நிமிஷம் ஏன் ஆயிற்று என்று கேட்டேன். ஆன்ஸி சொன்னாள்: "ஃபாதர் புக்கைத் தலைகீழா பிடிச்சிருந்தார் அங்கிள். சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன், அப்புறம் நானே சொல்லிட்டேன்."

ஆறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கால் கால் மதிப்பெண்ணாகக் குறைத்துவந்த எனக்கு, அந்த ஏழு கொடைகளில் இன்றுவரை ஐந்துக்கு மேல் வருவதில்லை, அதுவும் யாரும் பார்க்காதபோதுதான்.